எண்ணெய் போட எடுத்துப்போன துப்பாக்கிகள்

ஆர்வில் கோஸ்கி நம் வீட்டுக்கு வந்தால் முதலில் புகைபோக்கியைப் பார்ப்பான். அடுத்து வாசல் பாதையில் பனி தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பான். ஆள் முகத்தைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். முப்பத்தொரு வருஷம் மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டியவன். விடியுமுன்னே எல்லார் வீட்டையும் தாண்டிப் போகிற வேலை. எவன் வீட்டில் விளக்கு எரியவில்லை, எவன் வண்டி எவள் வீட்டு வாசலில் பனி மூடி நிற்கிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை யாருக்குப் பிடிக்கும்? டுவெயினின் மதுக்கடைக்குள் அவன் நுழைந்தால் பேச்சு பாதியில் நிற்கும். எனக்கும் அவனைப் பிடிக்காது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அவன் பெண்டாட்டி ஐரீன் உயிரோடு இருந்தபோது, அவளுடைய தம்பி நெட் ஏரிக்கரைச் சாலையில் தனியாகக் குடியிருந்தான். ஒரு பிப்ரவரியில் ஒன்பது நாள் அவன் வாசல் பாதையில் பனி தள்ளாமல் கிடந்தது. புகைபோக்கியில் புகையும் இல்லை. ஒன்பது நாளும் ஆர்வில் அந்த வீட்டைத் தாண்டித்தான் லாரியில் போனான். சோம்பேறிப் பயல், குளிருக்குப் பயந்து டெக்சாஸ் போய்விட்டான் போல என்று நினைத்தானாம். பத்தாம் நாள் இறங்கிப் போய்ப் பார்த்தான். நெட் சமையலறைத் தரையில் கிடந்தான். பக்கத்தில் அவனுடைய ரைபிள்.

அடுத்த குளிர்காலத்தில் எங்கள் ஊர்க்காரன் வில்லர்ட் வீட்டுப் பாதை நாலு நாள் அப்படிக் கிடந்தது. ஆர்வில் லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு உள்ளே போனான். காபி கேட்டு வாங்கிக் குடித்தான். பனியைப் பற்றிப் பேசினான். கிளம்பும்போது கதவுக்கு மேலே மாட்டியிருந்த ரைபிளை எடுத்துப் பார்த்து, "இது இறுகிக் கெடக்கு வில்லர்ட். எண்ணெய் போட்டுக் கொண்டாறேன்" என்று தோளில் மாட்டிக்கொண்டு போனான். திருப்பிக் கொண்டுவந்தது பதினாலு மாசம் கழித்து.

அன்றிலிருந்து, ஆர்வில் "எண்ணெய் போடறேன்" என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நவம்பரில் மான் வேட்டை சீசன் திறக்கும்போது, துப்பாக்கி ஆர்வில் வீட்டில் இருக்கிறவன் வேட்டைக் குடிலில் சமையல்காரன் ஆகிவிடுவான். மற்றவர்கள் வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். அவன் வெங்காயம் நறுக்குவான். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். "உப்பு கம்மி" என்று மட்டும் சொல்வார்கள்.

என் வீட்டுக்கு அவன் வந்தது போன வருஷம் மார்ச்சில். என் பெண்டாட்டி பக்கத்து ஊர்க்காரனோடு போய் மூன்று மாசம் ஆகியிருந்தது. அப்பாவின் ரைபிள் சமையல் மேசைமேலேயே கிடந்தது. ஏன் மேசைமேல் என்று அவன் கேட்கவில்லை, அதன்மேல் கையை வைத்தான்.

"கையை எடு. எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"எண்ணெய்தானே லெஸ்" என்றான்.

கொடுத்துவிட்டேன். அந்த நவம்பரில் குடிலில் பதினோரு பேருக்கு நான்தான் மான்கறிக் குழம்பு வைத்தேன்.

வம்பு வந்தது இந்த அக்டோபரில்.

ஆர்வில் வீட்டு நிலவறையில் ஒரு விறகு அடுப்பு உண்டு. விறகு அடுப்பு இருக்கிற வீட்டுக்குக் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், கம்பெனி ஆள் வந்து அடுப்பைப் பார்த்துப் படம் எடுப்பான். கிரீன் பே நகரத்திலிருந்து ஒரு இளவட்டம் வந்தான். அடுப்பைப் படம் எடுத்தான். அடுப்புக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட துப்பாக்கி அலமாரி. அதுவும் படத்தில் விழுந்துவிட்டது.

அலமாரி முன்பு மாடியில்தான் இருந்தது. ஊரான் பொருள் ஈரத்தில் துருப்பிடித்துவிடக் கூடாது என்று இவனே அதை அடுப்புப் பக்கம் இறக்கி வைத்தான். அந்தக் கரிசனம்தான் வினையாகிப் போயிற்று.

காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி: உங்களுக்குச் சொந்தமான துப்பாக்கிகள் எத்தனை? எங்கள் ஊரில் ஒருவனிடம் அப்படிக் கேட்பது, உன் பெண்டாட்டி எடை எத்தனை என்று கேட்கிற மாதிரி. ஆனால் ஆர்வில் காகிதத்தில் பொய் எழுத மாட்டான். இரண்டு என்று எழுதினான். அவனுடையது இரண்டுதான். படத்தில் இருந்தது பதின்மூன்று.

அதைவிட மோசம் இன்னொன்று. யார் துப்பாக்கி எது என்று தெரியவேண்டும், பேர் மட்டும் எழுதக் கூடாது. அதற்கு ஆர்வில் ஒரு வழி வைத்திருந்தான். முன்பெல்லாம் வேட்டைக்குப் போகிறவன் சட்டை முதுகில் ஒரு எண் சீட்டைக் குத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய சீட்டுகள் எல்லார் வீட்டு இழுப்பறையிலும் கிடக்கும். ஒவ்வொருவனிடமும் அவனவன் சீட்டை வாங்கி, அவனவன் துப்பாக்கியில் நூல் போட்டுக் கட்டியிருந்தான். பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்? கடையில் சரக்குக்கு எண் போட்டு வைத்த மாதிரி இருக்கும்.

கம்பெனிக்காரனுக்கும் அப்படித்தான் தோன்றியது. கடிதம் வந்தது. நீங்கள் அறிவித்ததற்கும் வீட்டில் இருப்பதற்கும் பொருந்தவில்லை, வீட்டில் துப்பாக்கி வியாபாரம் நடப்பதாகச் சந்தேகிக்க இடமிருக்கிறது, முப்பது நாளுக்குள் ஒவ்வொரு துப்பாக்கியும் யாருடையது, எதற்காக உங்கள் வீட்டில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் காப்பீடு தொடராது. காப்பீடு போனால் வீடு போகும். ஐரீனின் வைத்தியத்துக்கு வீட்டை வைத்துத்தான் வங்கியில் கடன் வாங்கியிருந்தான், காப்பீடு இல்லாத வீட்டை வங்கி விட்டுவைக்காது.

இது எனக்கு எப்படித் தெரிந்தது? வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு டுவெயின் கடைக்குப் போயிருந்தேன். தட்டை வைத்துக்கொண்டே டுவெயின் கேட்டான்.

"உன் கூட்டாளி துப்பாக்கிக் கடை வச்சிருக்கானாமே? உனக்குத் தள்ளுபடி உண்டா?"

"உனக்கு யாருடா சொன்னது?"

"காத்துவாக்குல வந்துச்சு."

"காத்துக்கு வாய் இருக்கா? பேரைச் சொல்லு."

"ஏன்டா குதிக்கறே? உன் பேரும் அந்தப் பட்டியல்ல வருமோ?"

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் மீன் தட்டைத் தள்ளி வைத்தேன். நான் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வைத்தியர் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டுநர் உரிமம் நீடிக்கும். இந்த ஆள் துப்பாக்கியை ஏன் அடுத்தவன் வீட்டில் வைத்திருந்தான் என்று ஒரு காகிதத்தில் வந்துவிட்டால், அந்தக் காகிதம் எங்கெங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? காப்பீட்டு முகவர் மார்லிஸ் தீவனக் கடைக்குப் பக்கத்தில் அலுவலகம் வைத்திருக்கிறாள். அவள் நாத்தனார்தான் அங்கே காகிதம் அடுக்குகிறவள். நாத்தனாரின் புருஷன் இந்த டுவெயின். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் ஆர்வில் வீட்டுக்குப் போனேன். விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"என் பேரை எழுதிட்டியா?"

"வணக்கம் லெஸ்."

"வணக்கமெல்லாம் அப்புறம். எழுதிட்டியா இல்லியா?"

"இன்னும் யார் பேரையும் எழுதல."

"இன்னும்னா? எழுதப்போறியா?"

கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினான். "எழுத வேண்டாம்னுதான் பாக்கறேன். அவனவன் பொருளை அவனவன் எடுத்துட்டுப் போயிட்டா மிச்சம் ரெண்டு, புதுசாப் படம் எடுத்து அனுப்பிடலாம். நான் எழுதினதும் ரெண்டு. கணக்கு சரியாப் போச்சு."

இவ்வளவு லேசாக முடிகிற விஷயத்துக்கு ஏன் முகத்தை இப்படி வைத்திருக்கிறான்? எனக்கு அங்கேயே ஒரு சந்தேகம் தட்டியது.

அடுத்த மூன்று வாரத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வண்டியைக் கொல்லைப்புறம் நிறுத்தி, போர்வையில் சுற்றி எடுத்துப்போனார்கள். திருட்டுச் சாமான் வாங்க வந்தவர்கள் மாதிரி ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை. ஆனால் ஆர்வில் சும்மா கொடுத்துவிடவில்லை. காபி போட்டு உட்காரவைத்து விசாரித்தான். நான் விறகு அடுக்க உதவுகிற சாக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவன் யாரிடம் என்ன பேசுகிறான் என்று கேட்கத்தான் போனேன்.

"கிளேட்டன், ராத்திரி தூங்கறியா?"

"குறட்டை விடறேன்னு பொண்டாட்டி திட்டறா."

"அவ திட்டட்டும். சோறு? சமைச்சு உக்காந்து சாப்பிடறியா, டப்பாவைத் தொறந்து நின்னுக்கிட்டே சாப்பிடறியா?"

"யோவ், நீ என்ன டாக்டரா, போலீஸா?"

"லாரி ஓட்டறவன். பதில் சொல்லு."

கிளேட்டன் சொன்னான். ஆர்வில் சீட்டு நூலை அறுத்துத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தான். வில்லர்டுக்கு மறுபடியும் உடம்பும் மனசும் சரியில்லாமல் இருந்தது. அவனுடைய இரண்டையும் அவன் கையில் கொடுக்கவில்லை. டுலூத் நகரத்திலிருந்து அவன் மகளை வரவழைத்து அவள் வண்டியில் ஏற்றிவிட்டான். வில்லர்ட் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினான். ஆர்வில் கேட்டுக்கொண்டு நின்றான்.

பத்து போயிற்று. என்னுடையது ஒன்றுதான் மிச்சம்.

"எனக்கு எப்போ?" என்றேன்.

"உனக்கு இல்ல."

சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எங்கப்பன் துப்பாக்கிய்யா அது. தர முடியாதுன்னு சொல்ல நீ யாரு?"

"டீசல் எங்க?" என்றான்.

டீசல் என் நாய். ஏழு வருஷமாக லாரியில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிறவன்.

"எங்கக்கா வீட்ல விட்டிருக்கேன். தனியா இருக்கப் பயமா இருக்காம் அவளுக்கு."

"உங்கக்காவுக்கு நாய்னா தும்மல் வருமே. உன் கல்யாணத்துல உன் நாயைத் தொட்டுட்டு மூக்கைச் சிந்திக்கிட்டே இருந்தாளே."

"இப்ப சரியாயிடுச்சு."

"தீனி எத்தனை மூட்டை குடுத்தே?"

"நாலு."

"நாலு மூட்டை. படுக்கை?"

நான் ஒரு விறகுக் கட்டையை எடுத்து அடுக்கினேன்.

"ஊசி போட்ட அட்டை?"

"அவ கேட்டா, குடுத்தேன்."

"ரெண்டு நாளைக்கு நாயை விட்டுட்டு வர்றவன் ஒரு மூட்டை குடுப்பான், லெஸ்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் யார் என் நாயை எண்ண? என்னை வேவு பார்க்கிறான், என் அக்கா மூக்கைக்கூட வேவு பார்க்கிறான். அதோடு இன்னொரு சந்தேகமும் வந்தது. அப்பாவின் ரைபிள் பழைய சரக்கு, நல்ல விலை போகும். எல்லாருடையதையும் கொடுத்துவிட்டு இதை மட்டும் ஏன் வைத்துக்கொள்கிறான்?

"அப்ப கம்பெனிக்கு என்ன எழுதுவே? கெடு திங்கட்கெழமை முடியுது."

"மூணும் என்னுதுன்னு எழுதிடறேன். உன் பேர் வராது."

"ஆகா! அப்படி வா வழிக்கு. எங்கப்பன் துப்பாக்கி காகிதத்துல உன் பேருக்கு மாறிடும். நாளைக்கு நீ செத்தா உன் மகளுக்குப் போகும்."

"அப்படித்தான் நீ நெனைக்கறேன்னா நெனச்சுக்கோ" என்று விறகை எடுத்தான்.

கதவை அறைந்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் கிடந்தேன். அடுப்பு மூட்டவில்லை. டப்பாவைத் திறந்து பீன்ஸ் சாப்பிட்டேன். பாதியில்தான் கவனித்தேன், பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். தரையில் நாயின் தண்ணீர்க் கிண்ணம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். நிமிர்ந்தபோது வெயில் சுவரைவிட்டுப் போயிருந்தது.

ஆர்வில் காகிதத்தில் பொய் எழுத மாட்டான் என்று சொன்னேன் அல்லவா. எனக்காக எழுதப் போகிறான். அந்தப் பொய் என்றைக்காவது தெரிந்தால், ஆரம்பத்திலிருந்தே காப்பீடு செல்லாது என்று கைகழுவிவிடுவார்கள். ஐரீன் செத்த வீடு அது. அதை எனக்காகப் பணயம் வைக்கிறான். பதிலுக்கு அவனுக்கு என்ன லாபம் என்று விடியும் வரை யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. லாபமில்லாமல் ஒருவன் காரியம் செய்தால் எனக்கு அதுதான் பெரிய சந்தேகம்.

திங்கட்கிழமை காலை, மரம் ஏற்றிய லாரியை அப்படியே தீவனக் கடை முன்னால் நிறுத்தினேன். பாதி ரோடு அடைத்துக்கொண்டது. மார்லிஸ் மேசைக்கு எதிரில் ஆர்வில் உட்கார்ந்திருந்தான். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான், கையில் பேனா. நாத்தனார் மூலையில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"லாரியை எடு லெஸ், பள்ளிக்கூட பஸ் வரும்" என்றாள் மார்லிஸ்.

"வரட்டும். மூணுன்னு எழுதிட்டானா?"

"எழுதப் போறார். பொய்யா இருந்தா பின்னால வினைன்னு நானும் காலையிலேருந்து சொல்றேன். காதுல ஏறல."

"எழுதாதே" என்றேன். "ரெண்டு அவனுது. ஒண்ணு என்னுது. என் பேரைப் போடு."

ஆர்வில் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தான். முதல் தடவையாக என் முகத்தை முதலில் பார்த்தான் என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் அங்கே புகைபோக்கி இல்லை.

நாத்தனார் கை நின்றுபோயிருந்தது. "காது கேக்குதா? இன்னும் கொஞ்சம் கிட்ட வாயேன்" என்றேன். மார்லிஸ் அவளைக் காபி வாங்கிவர அனுப்பினாள். அவளுக்குப் போக மனசே இல்லை, மேல்சட்டையை மாட்டவே அத்தனை நேரம் ஆக்கினாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு" என்றாள் மார்லிஸ். "எண்ணெய் போடன்னு எழுதட்டுமா?"

"ஒன்றரை வருஷமா யாராவது எண்ணெய் போடுவானா? நம்புவானா கிரீன் பேக்காரன்?"

"பின்ன?"

"என் கையில இருக்கக் கூடாதுன்னு நெனச்சான். எடுத்து வச்சான். அப்படியே எழுது."

"இப்பவும் இருக்கக் கூடாதா?"

ஆர்வில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான்தான் சொல்ல வேண்டும் போல.

"இப்பவும்தான்" என்றேன்.

அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டேன்.

"இதை யாரெல்லாம் படிப்பா?"

"கிரீன் பேயில ஒருத்தி. அவளுக்கு உன்னைத் தெரியாது. புதுப் படத்துல மூணுதான்னு பாத்தா வியாபாரம் இல்லைன்னு முடிச்சிடுவா. நகல் இந்தப் பெட்டியில இருக்கும்."

"உன் நாத்தனாரு?"

"பூட்டி வப்பேன்."

"உன்னை எப்படி நம்பறது?"

மார்லிஸ் என்னோடு பள்ளியில் படித்தவள். எட்டாம் வகுப்பில் நான் நின்றுவிட்டேன், அவள் போய்க்கொண்டே இருந்தாள். பெட்டியைப் பூட்டிச் சாவியை வளையத்திலிருந்து கழற்றி மேசையில் தள்ளினாள்.

"நம்பாதே. இந்தா, நீயே வச்சுக்கோ. எனக்கு எடுக்கணும்னா உனக்கு ஃபோன் போடறேன்."

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. அவளிடம் இன்னொரு சாவி இருக்கலாம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாள் கழித்து ஆர்விலுக்குப் பதில் வந்தது, காப்பீடு தொடரும் என்று. அடுப்பிலிருந்து அலமாரியை மூன்றடி தள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். என் உரிமத்துக்கு அடுத்த வசந்தத்தில் வைத்தியர் கையெழுத்து வேண்டும். அவரிடம் நானாகவே சொல்வதா, அவர் கேட்கிறவரை பேசாமல் இருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்று அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தபோது, ஆர்வில் தன் வண்டிக்குப் போகாமல் என் லாரி ஏணியில் ஏறிப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். டீசல் உட்கார்கிற இடம். பின்னால் பள்ளிக்கூட பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"உன்னை யாரு ஏறச் சொன்னது?"

"உங்கக்கா வீட்டுக்குத்தானே போறே?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"மரத்தை எறக்கிட்டுப் போலாம். எனக்கு வேலை ஒண்ணுமில்ல."

மரத்தை ஆலையில் இறக்கிவிட்டு வடக்கே திரும்பினோம். முதல் பனி தூவ ஆரம்பித்திருந்தது. அவன் வலது பக்கத்து வீடுகளின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தெரிந்தது, இடது பக்கத்து வீடுகளை நான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

"அந்தப் பச்சைக் கூரை வீட்டுல புகை இல்ல" என்றேன்.

"அவங்க அரிசோனா போயிட்டாங்க. நல்லா விசாரிச்சுட்டேன்" என்றான்.

அக்கா வீட்டு வாசலில் லாரி நின்றதுமே உள்ளே நாய் குரைத்தது. கதவு திறக்க நேரமாயிற்று. கையில் ஒரு துண்டோடு, மூக்கும் கண்ணும் செக்கச்செவேலென்று, அக்கா தும்மிக்கொண்டே வந்து நின்றாள்.